இரண்டரை கிலோ என்று விற்ற ‘பாம்’ நாய், எட்டு கிலோவாக வளர்வது ஏன்?

“ஃபுல் குரோத்லயே ரெண்டரை கிலோதாங்க வரும். இதுக்கு மேல வளராது.”

‘டாய் பாம்’ எனப்படும் மிகச் சிறிய பொமரேனியன் நாய்க்குட்டிக்கு விலை பேசப் போன பலரும் இதைக் கேட்டிருப்பார்கள். குட்டியும் அந்த நேரத்தில் உள்ளங்கையில் அடங்கும் அளவில்தான் இருக்கும். நம்பாமல் இருக்கத் தோன்றாது. நான்காவது மாதம் கழுத்துப்பட்டை பற்றாது. எட்டாவது மாதம் மருத்துவமனைத் தராசில் நிறுத்தினால் ஏழு கிலோ, எட்டு கிலோ என்று காட்டும். வீட்டில் பேச்சு மாறத் தொடங்கும். “ஏமாத்திட்டாங்க” என்று ஆரம்பித்து, “இவ்ளோ பெரிசை ஃப்ளாட்ல வச்சிக்க முடியாது, யாருக்காவது குடுத்துடலாம்” என்பதில் வந்து நிற்கும்.

ஏமாற்று நடந்திருப்பது பல நேரங்களில் உண்மைதான். ஆனால் அந்த நாய் அளவுக்கு மீறி வளரவில்லை. அதன் தாயும் தகப்பனும் எந்த அளவோ ஏறத்தாழ அந்த அளவுக்குத்தான் அதுவும் வளர்ந்திருக்கிறது. விற்றவர் சொன்ன எண்தான் தவறு. அந்த எண் எங்கிருந்து வருகிறது, எதை மறைக்கிறது, 45 நாள் குட்டியைப் பார்த்து அப்படி ஓர் எண்ணை யாராலும் நேர்மையாகச் சொல்ல முடியுமா என்று பார்த்துவிட்டால், அடுத்த குட்டி வாங்கும்போது ஏமாற வேண்டியிருக்காது. இப்போது வீட்டில் இருக்கும் நாயும் பழியிலிருந்து தப்பும்.

நாம் ‘பாம்’ என்று அழைத்து வளர்த்த நாய்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்குப் பொமரேனியன் என்றதும் ஒரு வெள்ளை நாய் கண்முன் வரும். கூர்மூஞ்சி, நிமிர்ந்த காது, முதுகின்மேல் சுருண்ட வால், வாசலில் தபால்காரர் சைக்கிளை நிறுத்தும் முன்பே தொடங்கிவிடும் குரைப்பு. ஜிம்மி, டாமி, ரோஸி என்று தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். அந்த நாய்களில் பெரும்பாலானவை பொமரேனியனே அல்ல. அவை இந்தியன் ஸ்பிட்ஸ்.

ஆங்கிலேயர் காலத்தில் வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் வகை நாய்களிலிருந்து, நம் வெயிலுக்கும் நம் வீட்டுச் சோற்றுக்கும் ஈடுகொடுக்கும்படி இங்கேயே தலைமுறை தலைமுறையாக உருவான இனம் அது. வெளிநாட்டு நாய்களை வரவழைப்பது கடினமாக இருந்த காலத்தில் நடுத்தரக் குடும்பங்களின் நாயாக நாடெங்கும் பரவியது. அதில் இரண்டு அளவுகள் உண்டு. சிறியது 5 முதல் 7 கிலோ வரும். பெரியது 12 கிலோவில் தொடங்கி 20 கிலோ வரைகூடப் போகும்.

அசல் பொமரேனியன் வேறு. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப் வகுத்த தரத்தின்படி அதன் எடை 3 முதல் 7 பவுண்டு, அதாவது சுமார் 1.4 முதல் 3.2 கிலோ. பிரிட்டனின் கென்னல் கிளப் இன்னும் இறுக்கமானது: ஆணுக்கு 1.8 முதல் 2 கிலோ, பெண்ணுக்கு 2 முதல் 2.5 கிலோ. வளர்ந்த பொமரேனியனையும் வளர்ந்த ஸ்பிட்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் குழந்தைகூட வித்தியாசம் சொல்லிவிடும். பாமின் மூக்கு குட்டை, காது சிறியது, உள்ரோமம் அடர்த்தி. ஸ்பிட்ஸின் மூஞ்சி நீளம், காது பெரியது, கால்கள் உயரம்.

சிக்கல் என்னவென்றால், நாம் வாங்கும் வயதில் இந்த வித்தியாசங்கள் எதுவும் தெளிவாகத் தெரிவதில்லை. ஸ்பிட்ஸ் குடும்பத்துக் குட்டிகள் எல்லாமே ஒன்றரை மாத வயதில் உருண்டை முகமும் குட்டை மூக்குமாகத்தான் இருக்கும். அந்த ஒற்றுமையில்தான் வியாபாரம் நடக்கிறது. சிறிய ஸ்பிட்ஸ் குட்டி ‘டாய் பாம்’ என்ற பெயரில் கைமாறுகிறது. பெயர் மாறியதுமே விலை பல மடங்கு ஏறிவிடுகிறது. வாங்கியவர் எட்டு மாதம் கழித்துக் காண்பது, நன்றாக வளர்ந்த, ஆரோக்கியமான ஓர் இந்தியன் ஸ்பிட்ஸை.

இவ்விரண்டுக்கும் நடுவில் ‘கல்ச்சர் பாம்’ என்று ஒன்றை விற்கிறார்கள். பாமையும் ஸ்பிட்ஸையும் சேர்த்துப் பிறந்த குட்டிக்கும் இந்தப் பெயர், ரோமம் சற்று அடர்ந்த வெறும் ஸ்பிட்ஸுக்கும் இதே பெயர். எந்த கென்னல் கிளப்பின் ஏட்டிலும் இப்படி ஓர் இனம் இல்லை. மிகச் சின்ன நாய் என்று காட்ட வைக்கும் டீகப், மைக்ரோ, பாக்கெட் என்ற பெயர்களும் அப்படியே. ஷிட்ஸூ என்ற இன்னொரு சிறிய நாய் இனத்தில் ‘இம்பீரியல்’ என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். அமெரிக்க ஷிட்ஸூ சங்கமே அந்தப் பெயரை ஏற்பதில்லை. ஷிட்ஸூ என்றாலே சுமார் 4 முதல் 7 கிலோ வரை வரக்கூடிய நாய்தான். இரண்டு கிலோ ஷிட்ஸூ என்று ஒருவர் சொன்னால், ஒன்று அது நடக்காது, அல்லது நடந்தால் அந்தக் குட்டிக்கு உடம்பில் ஏதோ குறை இருக்கும்.

சின்ன நாய்க்குள் உறங்கும் பெரிய நாய்

சரி, தாய் தகப்பன் இரண்டுமே அசல் பொமரேனியன், இரண்டும் இரண்டரை கிலோதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நான்கரை கிலோ, ஐந்து கிலோ குட்டி பிறப்பதுண்டு. நாய்களை இணைசேர்த்துக் குட்டி விற்கும் ப்ரீடர்களில் நேர்மையானவர்களுக்கும் இது நடக்கிறது. காரணம் அந்த இனத்தின் வரலாற்றில் இருக்கிறது.

இங்கிலாந்து அரசி சார்லட்டுக்கு 1767இல் ஜெர்மனியின் மெக்லன்பர்க்கிலிருந்து இரண்டு பொமரேனியன்கள் வந்தன. அந்தக் காலத்துப் பொமரேனியன்களை ஓவியர் தாமஸ் கெயின்ஸ்பரோ தீட்டியிருக்கிறார். படத்தில் இருப்பது மடியில் வைத்துக் கொஞ்சும் நாய் இல்லை. முழங்கால் உயரத்துக்கு நிற்கும் நாய். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1888இல், விக்டோரியா மகாராணி இத்தாலியின் பிளாரன்ஸுக்குப் போனபோது மார்கோ என்ற சிறிய பொமரேனியனைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கி வந்தார். பார்த்தவர்கள் எல்லாம் எவ்வளவு சின்னது என்று வியந்த அந்த மார்கோவின் எடை ஏறத்தாழ 12 பவுண்டு. ஐந்தரை கிலோ. இன்றைக்கு நாம் “பெருசா வளர்ந்துடுச்சு” என்று குறைசொல்லும் அதே எடைதான்.

மகாராணியின் நாயைப் பார்த்து ஊரே சின்ன பாமுக்கு ஆசைப்பட்டது. ஒவ்வோர் ஈற்றிலும் சிறிய குட்டியைத் தேர்ந்தெடுத்து, சிறியதைச் சிறியதோடு இணைசேர்த்து, சில பத்தாண்டுகளிலேயே இனத்தின் அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஆனால் தேர்ந்தெடுப்பு என்பது கண்ணுக்குத் தெரியும் உருவத்தில் நடப்பது. உள்ளே இருந்த பெரிய நாயின் மரபணுக்கள் முழுவதும் துடைக்கப்படவில்லை. அவை தலைமுறைகளைத் தாண்டி அமைதியாகப் பயணம் செய்து, எங்கோ ஓர் ஈற்றில் ஒன்றுசேரும்போது பாட்டன் முப்பாட்டன் அளவில் ஒரு குட்டி பிறக்கிறது.

மரபணு ஆய்வுகள் இதை இன்னும் துலக்கமாகக் காட்டியிருக்கின்றன. ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியை உருவாக்கும் மரபணுவின் ஒரு வடிவம் சிறிய இன நாய்களுக்குப் பொதுவாக இருப்பதை 2007இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு கண்டுபிடித்தது. 2022இல் இன்னும் வியப்பான ஒரு செய்தி வந்தது. சிறிய உடலுக்குக் காரணமான அந்த வடிவம் மனிதன் நாய் வளர்க்கத் தொடங்கிய பிறகு தோன்றியது அல்ல. 54,000 ஆண்டுகளுக்கு முந்தைய சைபீரிய ஓநாயின் மரபணுவிலேயே அது இருந்திருக்கிறது. இந்த ஒரே மரபணு நாய்களின் அளவு வேறுபாட்டில் சுமார் 15 விழுக்காட்டை விளக்குகிறது. ஒரு மரபணுவுக்கு இது மிகப் பெரிய பங்கு.

மீதி? இன்னும் இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ உடல் அளவைத் தீர்மானிக்கின்றன. ஒவ்வொன்றிலும் தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி. சின்ன தாயும் சின்ன தகப்பனும் ஆளுக்கொரு ‘பெரிய’ பிரதியை மறைத்து வைத்திருந்தால், அவை இரண்டும் ஒரே குட்டிக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு உண்டு. கூடப் பிறந்தவை எல்லாம் சிறியவையாக இருக்க, ஒன்று மட்டும் நெடுநெடுவென வளர்வதற்கு இதுதான் காரணம். கலப்பினங்களில் இந்த விரிவு இன்னும் அதிகம். அமெரிக்காவில் பூடிலையும் கோல்டன் ரிட்ரீவரையும் சேர்த்து ‘மினி’ என்று விற்கப்படும் குட்டிகளின் அளவு எதிர்பார்ப்பை மீறுவது இதனால்தான். அளவில் வெகுவாக வேறுபட்ட இரண்டு இனங்களைச் சேர்த்தால், அடுத்த தலைமுறையில் எந்தக் குட்டி எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம்.

தகப்பன் யார் என்பதிலேயே குழப்பம் வருவதும் உண்டு. பெட்டை நாய் ஹீட்டில், அதாவது இணைசேரும் பருவத்தில், இருக்கும்போது கருமுட்டைகள் பல வெளிவருகின்றன; கடுவனின் விந்தணு உள்ளே பல நாள் உயிரோடு இருக்கும். அந்த நாட்களில் இரண்டு கடுவன்களோடு இணைசேர்ந்தால் ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்களின் குட்டிகள் பிறக்கலாம். ப்ரீடர், ஸ்டட் எனப்படும் தேர்ந்தெடுத்த கடுவனோடு மேட்டிங் செய்துவிட்டு நிம்மதியாக இருந்த வாரத்தில், பக்கத்துவீட்டு ஸ்பிட்ஸ் சுவரேறிக் குதித்திருந்தால் அவருக்கே தெரியாது. டிஎன்ஏ பரிசோதனை செய்யாதவரை யாருக்கும் தெரியாது.

இறுதி அளவு எவ்வளவு தாமதமாகத் தெரியும் என்பதற்கு, குட்டைக் காலும் நீண்ட உடலும் கொண்ட டாஷ்ஹண்ட் இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வதேச நாய்க் கூட்டமைப்பான எஃப்சிஐ அதை மூன்று அளவுகளாகப் பிரிக்கிறது. எந்த நாய் எந்த அளவு என்பதை மார்புச் சுற்றளவை அளந்து முடிவு செய்கிறார்கள். அந்த அளவீட்டைக் குறைந்தது 15 மாத வயது ஆன பிறகே செய்ய வேண்டும் என்பது விதி. இனத்தின் தரத்தை எழுதியவர்களே 15 மாதம் காத்திருக்கிறார்கள். நம் ஊரில் 45 நாளில், குட்டியைக் கையில் தூக்கிப் பிடித்து, இறுதி எடை சொல்லிவிடுகிறார்கள்.

வயதைக் கூட்டிச் சொல்வது

எல்லாவற்றிலும் எனக்கு மிகுந்த கோபம் வருவது இந்த ஒரு தந்திரத்தின்மேல்தான். ஐந்து ஆறு கிலோ வளரப்போகும் ஸ்பிட்ஸ் குட்டி 30 நாளில் எந்த அளவில் இருக்குமோ, கிட்டத்தட்ட அந்த அளவில்தான் அசல் டாய் பாம் குட்டி 60 நாளில் இருக்கும். ஆகவே 30 நாள் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, “ரெண்டு மாசம் ஆச்சு, பாருங்க எவ்ளோ சின்னதா இருக்கு” என்று காட்டினால் போதும். வாங்குபவர் தன் கண்ணால் பார்த்து ஏமாறுகிறார்.

அந்தக் குட்டி இன்னும் பால்குடி மறக்காதது. உடன்பிறப்புகளோடு கடித்து விளையாடித்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று குட்டிகள் கற்றுக்கொள்கின்றன. அந்தப் பாடம் பாதியில் நின்றுவிடுகிறது. தாய்ப்பாலும் இல்லை, தடுப்பூசியும் போடவில்லை என்ற இடைவெளியில் பார்வோ வைரஸ் வந்துவிட்டால் இரத்த வயிற்றுப்போக்கில் நான்கே நாளில் குட்டி போய்விடும். வாங்கிய வாரமே குட்டி இறந்தது என்று கேள்விப்படும் கதைகள் பலவற்றுக்குப் பின்னால் இந்த வயதுப் பொய் இருக்கிறது.

வயதைக் கண்டுபிடிக்கக் கால்நடை மருத்துவர் பல்லைப் பார்ப்பார். நாமும் பார்க்கலாம். பால்பற்கள் மூன்றாவது வாரத்தில் முளைக்கத் தொடங்கி, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் வரிசை நிரம்பிவிடும். இரண்டு மாதம் என்று சொல்லப்படும் குட்டியின் வாயில் பின்பற்கள் இன்னும் ஈறுக்குள்ளேயே இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். தள்ளாடும் நடை, தட்டில் வைத்த உணவைத் தானாக நக்கித் தின்னத் தெரியாமை இரண்டும் வயது குறைவு என்பதற்கான அடையாளங்களே. சிறிய இனங்களில் பல் சற்றுத் தாமதமாக வருவதுண்டு என்பதால் பல்லை மட்டும் வைத்து முடிவுகட்டாமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

குட்டியை நேரில் பார்க்காமலேயே வாங்குவதும் இப்போது பெருகிவிட்டது. வாட்ஸ்அப்பில் வீடியோ வரும். டீ கிளாஸுக்குப் பக்கத்தில் குட்டி நிற்கும். பணத்தை ஜிபே செய்தால், வேறு ஊரிலிருந்து கூடையில் வைத்துப் பேருந்தில் ஏற்றி அனுப்புவார்கள். வீடியோவில் வந்த குட்டியும் கூடையில் வந்த குட்டியும் ஒன்றுதானா என்பதற்கே உத்தரவாதம் கிடையாது. தாயைப் பார்க்கும் வாய்ப்பு அடியோடு போய்விடுகிறது. தாயைப் பார்க்காமல் எந்தக் குட்டியின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தைகூட நம்பத்தக்கதாகப் பேச முடியாது.

எப்போது, எவ்வளவு தெரியும்

பிறந்தபோது எவ்வளவு எடை என்பது பெரிதாக உதவாது. ஒற்றைக் குட்டியாகப் பிறந்தது கொழுகொழுவென்று இருக்கும். ஆறில் ஒன்றாகப் பிறந்தது சுண்டிப்போய் இருக்கும். பிறகு இரண்டும் மரபணு சொல்லும் இடத்துக்கே வந்து சேரும். ஈற்றிலேயே சிறிய குட்டி கடைசிவரை சிறியதாக இருக்கும் என்பது தவறான நம்பிக்கை.

மிகச் சிறிய இனங்கள் வேகமாக வளர்ந்து வேகமாக நிற்பவை. மூன்றரை, நான்கு மாதத்தில் பாதி எடையை எட்டிவிடும்; ஒன்பது பத்து மாதத்தில் கிட்டத்தட்ட முழு அளவு வந்துவிடும். பெரிய இனங்கள் பாதியைத் தொடவே ஐந்து மாதம்போல ஆகும். ஆகவே நான்காம் மாத எடையை இரண்டால் பெருக்கினால் ஓரளவு கணக்கு கிடைக்கும். உங்கள் ‘டாய் பாம்’ நான்கு மாதத்தில் மூன்று கிலோ காட்டினால், ஆறு கிலோவுக்கு மனதையும் கழுத்துப்பட்டையையும் தயார்செய்துகொள்ளலாம். செல்லப்பிராணிகளின் உணவை ஆராயும் வால்தம் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஏராளமான நாய்களின் எடைப் பதிவுகளை வைத்து 2017இல் குட்டிகளுக்கான வளர்ச்சி வரைபடங்களை வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் எடைக்கோடு போடுவதைப்போல, குட்டியின் எடையை வாரம்தோறும் குறித்துக்கொண்டே வந்தால் எந்தக் கோட்டில் போகிறது என்று தெரியும். உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பெரியதாக வளர்வது வேறு, குண்டாவது வேறு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தராசு இரண்டையும் ஒன்றாகவே காட்டும். முன்கால் தோள்மேட்டிலிருந்து தரைவரை உயரத்தை அளந்து பாருங்கள். அசல் பொமரேனியன் என்றால் எஃப்சிஐ தரப்படி 18 முதல் 24 சென்டிமீட்டருக்குள் இருக்கும். உயரம் 22 சென்டிமீட்டர், எடை ஆறு கிலோ என்றால் ப்ரீடர் பொய் சொல்லவில்லை; பிஸ்கட்டும் தயிர்சாதமும் கூடிப்போயிருக்கின்றன. விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அந்த அடர்ந்த ரோமத்தைப் பார்த்து எதையும் முடிவுசெய்ய முடியாது. தைராய்டு குறைவால் எடை ஏறும் நாய்களும் உண்டு, அதற்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. உயரமே 35 சென்டிமீட்டர் என்றால் அது பாமே இல்லை, தேட வேறு காரணம் வேண்டாம்.

சிறு வயதிலேயே கருத்தடை அறுவை செய்தால் நாய் கொஞ்சம் உயரமாகலாம். எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்குப் பாலின ஹார்மோன்கள் துணைசெய்கின்றன. அவை இல்லாதபோது தட்டுகள் சற்றுத் தாமதமாக மூடும். வித்தியாசம் மிகச் சிறியது. இரண்டரை கிலோ நாயை எட்டு கிலோ ஆக்காது. “நீங்க ஆபரேஷன் பண்ணீங்க, அதான் வளர்ந்துடுச்சு” என்று ப்ரீடர் சொன்னால் ஏற்கத் தேவையில்லை.

சின்னதாகவே வைத்திருக்கும் முயற்சி

“நிறைய சோறு போடாதீங்க, பெரிசாயிடும்.” குட்டியோடு சேர்த்து இந்த அறிவுரையையும் கொடுத்து அனுப்பும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். காலையில் அரை டம்ளர் பால், இரண்டு பிஸ்கட், இரவில் மறுபடி அதே. வாங்கிய குடும்பம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், சொன்னபடி செய்யும். அந்தக் குட்டி பசியில் கிடக்கும்.

உணவைக் குறைத்தால் நாயின் இனம் மாறாது. ஏழு கிலோவுக்குப் பிறந்த நாயின் எலும்பு நீளத்தான் பார்க்கும். நீள்வதற்குத் தேவையான சுண்ணாம்பும் புரதமும் வைட்டமின் டி-யும் கிடைக்காவிட்டால் வளைந்து நீளும். முன்கால்கள் வில்லாக வளைந்து, மூட்டு வீங்கி, நடக்கவே தயங்கும் குட்டிகளைக் கால்நடை மருத்துவமனை வரிசைகளில் பார்க்கலாம். வளர்ச்சித் தட்டு மூடிய பிறகு அந்த வளைவை உணவால் நிமிர்த்த முடியாது. மிகச் சிறிய குட்டிக்குப் பட்டினி இன்னும் ஆபத்து. அதன் உடலில் சேமிப்பு மிகக் குறைவு என்பதால், நான்கைந்து மணி நேரம் வயிறு காலியாக இருந்தாலே இரத்தச் சர்க்கரை சரிந்து, தள்ளாடி, வலிப்பு வந்து விழுந்துவிடக்கூடும். மூன்று மாதம்வரை சிறிய இனக் குட்டிக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளையாவது உணவு வேண்டும்.

ப்ரீடர் உண்மையிலேயே ஒன்றரை கிலோ நாயைத் தயாரித்துக் கொடுத்தால் மகிழலாமா என்றால், அதிலும் வலி இருக்கிறது. டீகப் என்று விற்கப்படுபவை பல நேரங்களில் ஈற்றிலேயே நோஞ்சானாகப் பிறந்தவை, அல்லது நோஞ்சானையும் நோஞ்சானையும் சேர்த்துப் பெறப்பட்டவை. உச்சிக்குழி மூடாமலே இருக்கும், மூளையில் நீர் கோத்திருக்கும், முழங்கால் சில்லு இடம்விட்டு விலகும், மூச்சுக்குழாய் தளர்ந்து இருமல் விடாது. சோபாவிலிருந்து குதித்தால் முன்கால் எலும்பு முறியும். பால்பல் விழாமல் நிரந்தரப் பல்லோடு சேர்ந்து நிற்கும். சின்னக் குட்டிக்காகச் சின்னத் தாயைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தத் தாய் படும் பாட்டை யாரும் வீடியோவில் காட்டுவதில்லை. இடுப்புக்குழிக்குள் குட்டியின் தலை வராமல் சிசேரியன் வரை போகும், சில நேரம் தாயே பிழைக்காது.

ஆகவே உங்கள் பாம் ஐந்து கிலோ வந்துவிட்டது என்றால், எலும்பும் இதயமும் பல்லும் ஒழுங்காக இருக்கும் வாய்ப்பு ஒன்றரை கிலோ நாயைவிட அதற்கு மிக அதிகம். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. மருத்துவர் எவரிடம் கேட்டாலும் இதையே சொல்வார்.

பேப்பரும் சட்டமும்

கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்றை நம் ஊரில் ‘பேப்பர்’ என்பார்கள். பேப்பர் உள்ள குட்டிக்கு விலை கூடுதல். அந்தச் சான்று முன்னோர் யார் என்று சொல்லும். வளர்ந்தால் எத்தனை கிலோ என்று சொல்லாது. முன்னோர் கட்டங்களில் பெயர்கள் நிரம்பியிருக்கின்றனவா, குட்டியின் தோலுக்கடியில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ரீடர் வைத்துப் பார்க்க வேண்டும். “பேப்பர் அப்புறம் கூரியர்ல வரும்” என்றால் பணத்தில் ஒரு பகுதியையும் அப்புறமே கொடுங்கள்.

மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017இல் நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் தனி விதிகள் வந்தன. அவற்றின்படி ப்ரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. பெட்டைக்கு 18 மாதம் ஆகும் முன் இணைசேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல், வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. கடைகளுக்கு 2018இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் உண்டு. பதிவு எண்ணைக் கேட்டாலே பேச்சை மாற்றும் விற்பனையாளர் அளவைப் பற்றிச் சொல்வதையும் நம்ப முடியாது.

ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விற்றால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய்வரையிலான கொள்முதலுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. விற்றவர் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பேருந்தில் குட்டி வந்தவர்களுக்கு இது முக்கியம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் வழிகாட்டும். ஆனால் கையில் சாட்சி வேண்டும். “டாய் பாம், ரெண்டரை கிலோ” என்று வாயால் சொன்னதை யாரும் நிரூபிக்க முடியாது. இனம், பிறந்த தேதி, தாய் தகப்பன் எடை, பதிவு எண் எல்லாவற்றையும் பில்லில் எழுதி வாங்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். எழுதித்தரச் சொன்னதும் நேர்மையான ப்ரீடர் ஒரே எண்ணைச் சொல்லாமல், “தாய் மூணு கிலோ, பாட்டி நாலு, இது மூணுலேருந்து நாலரைக்குள்ள வரலாம்” என்பார். அப்படிப் பேசுபவரிடம் வாங்கலாம்.

வீட்டில் ஏற்கெனவே வளர்ந்துவிட்ட நாய்க்கு வருவோம். வாடகை வீட்டிலும் அடுக்ககத்திலும் “சின்ன நாய்னு சொன்னீங்களே” என்று வரும் நெருக்கடி பலரைத் தவறான முடிவுக்குத் தள்ளுகிறது. இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட சுற்றறிக்கை இதை நேரடியாகவே பேசுகிறது. குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணி வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது. பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் முடியாது. சிறிய நாய் என்றால் சரி, பெரிய நாய் என்றால் கூடாது என்று அளவு பார்த்து வேறுபாடு காட்டவும் கூடாது. சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் அந்தச் சுற்றறிக்கையின் நகலை இணைத்துப் பதில் எழுதுங்கள். பசியும் தாகமுமாகத் தவிக்கும் நிலையில் நாயைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்கீழ் குற்றம். வீட்டுக்குள் வளர்ந்த ஸ்பிட்ஸைத் தெருவில் விட்டால் அதற்குச் சாலையும் தெரியாது, தெருநாய்களின் எல்லையும் தெரியாது. சில நாளுக்கு மேல் அது பிழைப்பது அரிது.

உண்மையிலேயே வைத்துக்கொள்ள முடியாத நிலை என்றால், கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, ‘டாய் பாம்’ என்று சொல்லாமல் ‘இந்தியன் ஸ்பிட்ஸ், இரண்டு வயது, ஏழு கிலோ’ என்று உள்ளதை உள்ளபடி எழுதித் தத்துக்குக் கொடுங்கள். வளர்ந்து முடித்த நாயின் அளவில் இனிமேல் யாருக்கும் சந்தேகம் வராது. அதை அப்படியே விரும்பி எடுத்துக்கொள்ளும் வீடுகள் தமிழ்நாட்டில் நிறையவே இருக்கின்றன.